பேய்ப்பட போஸ்டரும் பழவேற்காட்டுக் கரையும்

பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகள் கல்லில் செதுக்கப்பட்டு நிற்கின்றன. ஒன்று தலையில் மணற்கடிகையைச் சுமக்கிறது. மற்றொன்றோடு ஒரு மண்டை ஓடு இருக்கிறது. 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையை எழுப்பி, அந்த நூற்றாண்டின் பெரும்பகுதியும் சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்தே நடத்தியவர்கள் விட்டுச்சென்றது இது. இன்று இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. செதுக்கியவர்களுக்கு யாரையும் மிரட்டும் எண்ணம் இல்லை. உயிர் நிலையில்லாதது என்று கிறித்தவ ஐரோப்பா தன் கல்லறைகளில் வழக்கமாகச் சொல்லி வைத்ததை அவர்களும் சொன்னார்கள். ஆனால் சினிமா பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த வாசல் ஒரு பேய்ப்பட போஸ்டராகத்தான் தெரிகிறது. அடையாளம் பழையதுதான், அதைப் படிக்கக் கற்றுக்கொடுத்தது சுவரில் ஒட்டிய தாள்.

அந்தப் படிப்பு எங்கே தொடங்கியது என்று பார்த்தால், 1920களின் ஜெர்மனிக்குப் போக வேண்டும். 1922இல் வெளிவந்த 'நோஸ்ஃபெராட்டு' படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான அல்பின் க்ராவ், அரங்கம், உடை ஆகியவற்றோடு விளம்பரப் படங்களையும் தானே வரைந்தார். நீண்ட விரல், கூனிய உடல், கோணலான எழுத்து என்று அன்று அமைந்த வாய்பாடு நூறாண்டு கழிந்தும் செல்லுபடியாகிறது. இதற்கு நேர் எதிரான வழி 1973இல் வந்த 'எக்ஸார்சிஸ்ட்' போஸ்டர். அதில் பேயே இல்லை. தெருவிளக்கின் கீழே கையில் பையோடு ஒரு மனிதர், மேலே ஒரு சன்னலிலிருந்து கொட்டும் வெளிச்சம், அவ்வளவுதான். பேயைக் காட்டி அழைப்பதும், காட்டாமல் அழைப்பதும் என்று இந்தத் துறையில் இரண்டு மரபுகள் உண்டு. மற்றதெல்லாம் இவற்றின் கலவை.

தமிழில் காட்டும் மரபே நெடுநாள் கோலோச்சியது. அதற்குக் காரணம் ரசனைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. சுவரொட்டி ஓடும் பேருந்திலிருந்து பார்க்கப்படுவது. இரண்டு நொடிக்குள் 'இது பேய்ப்படம்' என்று தெரிந்தாக வேண்டும். ஏ.வி.எம்.மின் 'அதே கண்கள்' (1967) பேய்ப்படம் அல்ல, கொலை மர்மம். ஆனாலும் பயத்தை ஒரு ஜோடிக் கண்ணுக்குள் அடக்கிவிடலாம் என்பதைத் தலைப்பிலேயே சொன்ன படம். விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978) தெலுங்கிலிருந்து வந்து தமிழ் ஊர்களில் ஓடியது. இந்தியில் ராம்சே சகோதரர்கள் 'புரானா மந்திர்' (1984), 'வீரானா' (1988) என்று கோரமுகத்தையும் பாழடைந்த மாளிகையையும் நாடு முழுக்கப் பழக்கினார்கள். இங்கே 'மை டியர் லிசா', '13ஆம் நம்பர் வீடு' காலத்தில் பொம்மையும் பூட்டிய பங்களாவும் வந்து சேர்ந்தன. 'காஞ்சனா'வின் (2011) வெற்றிக்குப் பிறகு சிரிப்பும் அலறலும் ஒரே தாளில் நெருக்கியடித்தன. நடிகர் கூட்டம் முன்னால், பேய் பின்னால் என்கிற அந்த அமைப்பு பத்தாண்டுக்கு மேல் ஓடிக் களைத்துவிட்டது என்பது என் கருத்து.

பேனர் ஓவியர்களிடம் இந்த வாய்பாட்டுக்கு அழகான ஒரு பயிற்சி இருந்தது. தாரா பதிப்பகம் 2007இல் வெளியிட்ட நூல் ஒன்று, பேனர் ஓவியர் எம்.பி. தக்‌ஷணாவின் கைவண்ணத்தை ஒன்பது சுவைகளாகப் பிரித்துக் காட்டியது. பயம் அதில் ஒரு தனிச் சுவை. பச்சையும் நீலமும் முகத்தில் ஏறும். வெளிச்சம் கீழிருந்து மேலே அடிக்கும். ஃப்ளெக்ஸ் வந்ததும் அந்தத் தூரிகைகள் ஓய்ந்தன. நிறப் பழக்கம் மட்டும் கணினிக்குள் குடியேறி, ஏன் என்ற கேள்வி இல்லாமல் தொடர்கிறது.

ஏன் என்று கேட்பதற்கு நம்மிடமே ஒரு பழைய ஏடு இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் அச்சம் நான்கு இடங்களிலிருந்து பிறக்கிறது என்கிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறைவனாகிய அரசன். நம் போஸ்டர்கள் முதல் ஒன்றிலேயே முகாமிட்டிருக்கின்றன. நல்ல விதிவிலக்குகள் இல்லாமல் இல்லை. 'யாவரும் நலம்' (2009) நல்வாழ்த்துபோல ஒரு தலைப்பை வைத்துக்கொண்டு, வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியைப் பயத்தின் பொருளாக்கியது. அதே ஆண்டில் அறிவழகனின் 'ஈரம்', ஆவியைத் தண்ணீருக்குள் வைத்தது. மழையும் சிவப்பு நிறமும் போதும், கோரமுகம் தேவையில்லை என்று துணிந்தது. இரண்டும் மரபைத் தூக்கி எறியவில்லை. ஒரே ஓர் அடையாளத்தை எடுத்துக்கொண்டு, அதை அன்றாடப் பொருளில் ஏற்றின. விளம்பரக் கலைஞர் கற்க வேண்டிய வித்தை இதுதான் என்று அடித்துச் சொல்வேன்: அடையாளம் தெரியும் அளவுக்கு மரபு, அதற்கு மேல் இடத்தின் உண்மை.

இடம் என்று வரும்போது பழவேற்காடு கடினமான சோதனை. நீர் சார்ந்த திகிலுக்கு உலகம் முழுக்க நகலெடுக்கப்படும் மாதிரி 'ஜாஸ்' (1975). ஓவியர் ரோஜர் காஸ்டெல், மூல நாவலின் மலிவுப் பதிப்பு அட்டைக்கு வரைந்ததைத்தான் படத்துக்கும் எடுத்துக்கொண்டார்கள். தாளின் மேல்பகுதியில் நீர்மட்டக் கோடு, அதில் நீந்தும் பெண், கீழே செங்குத்தாக ஏறிவரும் சுறா. ஆழம்தான் அந்தப் படத்தின் உயிர். பழவேற்காடு ஏரியிலோ ஆழமே இல்லை. பல இடங்களில் மீனவர்கள் இறங்கி நின்று வேலை செய்யும் அளவுக்குத்தான் நீர். குச்சிகள் நட்டுக் கட்டும் சுத்து வலைகளின் வரிசையும், தட்டையான அடிவானமும்தான் கண்ணில் படும். இங்கே அடியிலிருந்து எதையும் எழுப்பிக் காட்ட முடியாது. ஒளிந்துகொள்ள இடமில்லாத வெளியில்தான் பயத்தை உண்டாக்க வேண்டும். எவ்வளவு தொலைவில் நின்றாலும் தெரிகிற ஓர் உருவம், நெருங்கி வராமலே நிற்பது போதும். ஜாஸின் செங்குத்துத் தாளை விட்டு, படுக்கைத் தாளை எடுக்க வேண்டிய இடம் இது.

ஜாஸ் மாதிரியை இங்கே நகலெடுக்கக் கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. அதை மனத்தில் வைத்துத்தான் எந்த வடிவமைப்பாளரும் இங்கே கால் வைக்க வேண்டும். 2011 கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காட்டில் சுற்றுலா வந்தவர்களின் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதற்கு ஏழாண்டு முன்புதான் சுனாமி இந்தக் கரையையும் அடித்தது. நீருக்கு மேலே நீளும் ஒரு கை, நகரத்துச் சுவரில் வெறும் வாய்பாடு. இந்தக் குப்பங்களில் அது யாரோ ஒருவரின் பிள்ளை. மரபுக்குள் எல்லா அடையாளமும் எல்லா ஊருக்கும் பொதுவல்ல.

2025 மார்ச்சில் வெளிவந்த ஜி.வி. பிரகாஷின் 'கிங்ஸ்டன்', தூத்துக்குடிக் கரையில் சாபத்துக்கு அஞ்சி எவரும் கடலுக்குப் போகாத ஒரு மீனவ ஊரின் கதை. கடல்சார் திகில் கற்பனைப் படம் என்றே அதை விளம்பரப்படுத்தினார்கள். கடற்கரை ஊரை நாயகனின் குத்துப்பாட்டுக்குப் பின்னணித் திரையாக மட்டும் பார்த்துவந்த சினிமா, திகிலின் களமாக அதை எடுத்தது வரவேற்க வேண்டிய நகர்வு. ஆனால் அங்கும் அச்சம் அணங்கிலிருந்துதான் வந்தது. கடலுக்குப் போக முடியாத நாள் என்பது பழவேற்காட்டு மீனவர்களுக்குச் சாபத்தால் வருவதில்லை. ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் அந்தக் கடற்பரப்பில் மீன்பிடிக்கத் தடை. தெற்கே காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தால் கரை அரித்துப் போகும், முகத்துவாரம் கெடும் என்று இங்குள்ள ஊர்கள் ஆண்டுக்கணக்கில் போராடுகின்றன. எந்த இடத்தில் யார் எந்த நாள் வலை போடுவது என்று முறை வைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' வழக்கம், ஏரி ஏரியாக இருக்கும் வரைதான்.

தொல்காப்பியர் நான்காவதாக வைத்த, ஆள்பவரிடமிருந்து பிறக்கும் அச்சம் இது. கண்ணுக்குத் தெரியாமல், பெயர் சொல்ல முடியாமல், மேலிருந்து வருவது. 'எக்ஸார்சிஸ்ட்' போஸ்டரின் காட்டாத மரபு இதற்கு அப்படியே பொருந்தும்: மேலே ஒரு வெளிச்சம், கீழே அண்ணாந்து பார்க்கும் ஒரு சிறிய மனித உருவம், நடுவே தட்டையான நீர். சுத்து வலைக் குச்சிகளின் வரிசை பாதியில் அறுந்து நின்றால் தலைப்பு எழுத்தில் ரத்தம் சொட்ட வேண்டியதில்லை. ஏரியின் இரு கரையிலும் தமிழும் தெலுங்கும் புழங்குவதால், எழுத்தை நம்பாமல் படமே பேசுகிற இப்படி ஒரு போஸ்டர்தான் இரண்டு பக்கச் சுவரிலும் நிற்கும்.