எங்கள் சப்பறத்துக்கு வல்லின றகரம்

சித்திரைத் திருவிழாவுக்காக மதுரை போயிருந்தபோது, நண்பர் வீட்டு மொட்டை மாடியில் அவருடைய மைத்துனர் கேட்டார்: "உங்க ஊர்த் திருவிழான்னா யானைங்க வரிசையா வருமே, அதுதானே சார்?"

அது கண்டிப் பெரகரா, ஏ9 வீதியின் மறுமுனை, யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டிலிருந்து முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் என்றேன். அப்படியானால் உங்கள் பக்கம் என்ன என்றார். சப்பறம் என்றேன். "அட, அது இங்கேருந்து போனதுதானே" என்று சொல்லிவிட்டு மோர்ச் செம்பை நீட்டினார். கோபம் ஒன்றும் வரவில்லை. மோர் மட்டும் கொஞ்சம் புளித்தது.

இங்கிருந்து போனதாகவே இருக்கட்டும். போன இடத்தில் அது என்னவாக வளர்ந்தது என்று யாரும் கேட்பதில்லையே! தமிழ்நாட்டில் இடையின ரகரம் போட்டுச் சப்பரம் என்று எழுதுகிறார்கள். சாமி உலாப் போகும் சிறு வண்டியைத்தான் பெரும்பாலும் அப்படிச் சொல்கிறார்கள். மார்கழி அட்டமிச் சப்பரத்தில் மீனாட்சியம்மனின் சப்பரத்தைப் பெண்களே இழுப்பார்கள் என்று நண்பர் சொன்னார். அது நல்ல வழக்கம், ஒப்புக்கொள்கிறேன். எங்களுக்கோ சப்பறம் என்றால் வல்லின றகரம். தேருக்கு முந்தின இரவு மட்டும் எழும்பி நிற்கும் கோபுரம். நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழாவில் இருபத்து மூன்றாம் நாள் மாலை அது வரும். எங்கள் ஊர்ப் பிள்ளையாருக்கு அவ்வளவு உயரம் இல்லை. மரச்சட்டம், வண்ணத் தட்டிகள், சரம் சரமாய் பல்ப். முன்னால் நின்றால் கோபுரம், பக்கவாட்டில் போனால் வெறும் தட்டி. சின்ன வயதில் நாங்கள் பக்கவாட்டுக்குப் போகவே மாட்டோம்.

சொல்லில் இன்னொரு வேடிக்கை. "நாங்கள் ஏழெட்டுப் பெடியள், ஒவ்வொரு வருசமும் இராத்திருவிழாவில சாமி காவுவம்" என்று பேச்சுவாக்கில் சொன்னேன். நண்பரின் அம்மா திடுக்கிட்டுப் பார்த்தார். அங்கே காவு என்றால் பலி. தோளில் சுமப்பதைத்தான் காவுதல் என்கிறோம், காவடியில் இருப்பதும் அதே சொல்தான் என்று விளக்கிய பிறகே அவருக்கு மூச்சு வந்தது. பழைய சொல்லை யார் பத்திரமாய் வைத்திருக்கிறார்கள் என்று நான் கேட்கவில்லை. கேட்க வாய்வரை வந்தது.

காவுவதில் கணக்கு உண்டு. உயரம் ஒத்தவர்கள்தான் ஒரு தண்டில் நிற்கலாம். நெட்டையன் ஒருவன் நடுவில் புகுந்தால் பாரம் முழுக்க அவன் தோளில்தான். சால்வையை நாலாக மடித்துத் தோளில் போட்டுக்கொள்வோம். வடக்கு வீதியில் மணல் ஆழம் என்பதால் அங்கே பேச்சு நின்றுவிடும். மூலையில் மேளச் சமா தொடங்கினால் முண்டுகொடுத்துவிட்டு இளைப்பாறலாம். தவில்காரர் தீர்மானம் வைக்க எவ்வளவு நேரம் எடுக்கிறாரோ அவ்வளவுக்கு எங்களுக்கு லாபம். இணுவிலில் பிறந்த தெட்சணாமூர்த்தியின் தவிலைக் கேட்ட காதுகள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. அவர் 1975இல் மறைந்தும் வேறு எவரையும் இலேசில் புகழமாட்டார்கள். மதுரையிலும் நாயனம் கேட்டேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் கேட்கவிட்டால்தானே! ஒலிபெருக்கியில் ஒரு பெண் குரல் காணாமற்போன பிள்ளைகளின் பெயர்களை வாசித்துக்கொண்டே இருந்தது.

அழகரை எதிர்கொண்டு வணங்கும் எதிர்சேவையைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். அழகர்மலையிலிருந்து இருபது கிலோமீற்றர் அளவுக்கு ஒரு தெய்வம் கள்ளர் கோலத்தில் வருகிறது. வழியில் நூற்றுக்கணக்கான மண்டகப்படிகளில் நின்று நின்று வருகிறது. செம்பில் சர்க்கரை நிரப்பி, மேலே சூடம் ஏற்றி, சனம் காத்திருக்கிறது. தல்லாகுளத்தில் இரண்டு மணி நேரம் நின்று நான் கண்டது குடையின் குஞ்சம். அதுவும் குஞ்சந்தான் என்று சத்தியம் பண்ணமாட்டேன். விடியற்காலையில் தங்கக் குதிரையில் ஆற்றில் இறங்கியதை நண்பர் வீட்டுத் தொலைக்காட்சியில் மிகத் தெளிவாகப் பார்த்தேன். தெய்வமே நடந்து சனத்திடம் வருவது பெரிய விசயம். எங்கள் சாமி வெளிவீதியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடும். ஆனால் எங்கள் வீதியில் தண்டுக்கு அடியில் நிற்கும் ஒவ்வொரு தோளும் யாருடையது என்று எனக்குத் தெரியும்.

கடைகளிலும் சொல் மாறுகிறது. அவர்களுடைய பஞ்சு மிட்டாய் எங்களுக்குத் தும்பு முட்டாசு. வேர்க்கடலை எங்களுக்குக் கச்சான். தண்ணீர்ப் பந்தலில் அவர்கள் பானகம் தந்தார்கள், அருமை. ஆனால் எங்கள் ஊறுகாய்த் தண்ணியைக் குடித்தவன் வேறொன்றைத் தேடமாட்டான். இதற்குமேல் இதில் நடுநிலை வகிக்க என்னால் முடியாது.

மைத்துனருக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. போர்க்கால ஊரடங்கு இருந்த ஆண்டுகளில் எங்கள் இராத்திருவிழா பின்னேரம் நாலு மணிக்கே முடிந்தது. வெயிலில் சப்பறம் இழுத்தோம். அப்போதுதான் எல்லாருக்கும் தட்டியின் ஓட்டையும் உரிந்த வண்ணமும் தெரிந்தது. அதற்கும் முன்னால், 1990க்குப் பிறகு, பொருளாதாரத் தடையால் மின்சாரமும் இல்லை, மண்ணெண்ணெய்க்கும் தட்டுப்பாடு. ஜாம் போத்தல் விளக்குகளைச் சட்டத்தில் கட்டினோம். காற்றுக்கு ஒவ்வொன்றாய் அணையும். ஒருவன் ஏணியில் ஏறி ஏற்றிக்கொண்டே இருப்பான். அவன் இப்போது கனடாவில். என்னோடு காவியவர்களில் ஊரில் மிஞ்சியவர் மூன்று பேர். மற்றவர்கள் விடுமுறை வாய்த்தால் திருவிழாவுக்கு வருவார்கள். தோள் பழக்கம் விட்டுப்போய், இரண்டாம் மூலையிலேயே கண்ணால் ஆள் தேடுவார்கள். 'இங்கேருந்து போனது' என்ற அந்தச் சொல் எனக்குத் தைத்ததில் இவர்களுக்கும் பங்கிருக்கலாம்.

போன கிழமை மதுரை நண்பர் தொலைபேசியில் அழைத்தார். இந்த வருசம் எங்கள் சப்பறத்துக்கு வருகிறாராம், மைத்துனரும் கூட. பலாலியில் வந்திறங்கினால் நானே கூட்டிப்போகிறேன் என்றேன். வேட்டி கொண்டுவரச் சொன்னேன், சட்டை தேவைப்படாது என்றும் சொன்னேன். பிறகு மைத்துனரின் உயரம் எவ்வளவு என்று கேட்டேன்.

"எதுக்குண்ணே?"

ஐந்தடி எட்டு என்றால் வலப்பக்கம் முன்தண்டில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்றேன்.