திரையில் மட்டும் வெல்லும் நெறிமுறைகள்

கம்பியில்லா வலைப்பின்னல்கள் பற்றிய பல்கலைக்கழக ஆய்வில் பெரும்பகுதி கணினித் திரைக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. புதிய வழித்தட நெறிமுறை ஒன்றை எழுதி, என்எஸ்-2 அல்லது என்எஸ்-3 சிமுலேட்டரில் ஓட்டி, பழையதைவிட மேல் என்று வரைபடம் காட்டினால் ஆய்வேடு தயார். இந்த வழக்கத்தை ஒதுக்கவும் முடியாது, அப்படியே ஏற்கவும் கூடாது.

இதன் பலம் பெரிது. நூறு கருவிகளை வாங்கி ஊரெங்கும் நகர்த்திச் சோதிக்கப் பல துறைகளிடம் பணம் இல்லை. சிமுலேட்டரோ இலவசம், சிறிய கல்லூரி மாணவருக்கும் கதவு திறக்கிறது. நிலைமைகளை மாற்றாமல் இரண்டு நெறிமுறைகளை அடுத்தடுத்து ஓட்டி ஒப்பிடவும் முடிகிறது. நொடிக்கு நொடி அலை மாறும் வெளியிடத்தில் இது எளிதல்ல.

குறை அனுமானங்களில் இருக்கிறது. ஆய்வாளர்கள் பெரிதும் கையாண்ட ‘ரேண்டம் வேபாயிண்ட்’ மாதிரியில், ஒவ்வொரு கருவியும் ஏதோ ஓர் இடத்தையும் ஏதோ ஒரு வேகத்தையும் தேர்ந்து நகரும். குறைந்தபட்ச வேகம் பூஜ்யம் என்று வைத்தால், மிக மெதுவான வேகம் வாய்த்த கருவிகள் வழியிலேயே சிக்கிக்கொள்ளும். நேரம் போகப்போக சராசரி வேகம் சரிந்துகொண்டே வரும். 2003இல் மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சுட்டிக்காட்டினர். நகரும் வலைப்பின்னலை ஆராய்வதாக நம்பியவர்கள், ஏறக்குறைய நின்றுபோன ஒன்றைத்தான் அளந்துகொண்டிருந்தார்கள்.

அலை எட்டும் பரப்பு அச்சுப் பிசகாத வட்டம் என்பது இன்னொரு அனுமானம்: வட்டத்துக்குள் எல்லாம் கேட்கும், வெளியே எதுவும் கேட்காது. உண்மையில் பாதி கேட்டும் பாதி கேட்காமலும் இருக்கும் இணைப்புகள் ஏராளம். எம்ஐடியில் 29 கணினிகளைக் கொண்டு நடத்திய சோதனையில், குறைந்த தாவல்கள் (கருவி விட்டுக் கருவிக்குக் கடத்தல்கள்) உள்ள பாதை பல நேரம் மோசமான பாதையாகவே இருந்தது. நீண்ட, பலவீனமான இணைப்புகளை அது தேடிப் பிடித்ததே காரணம். ஒரு தரவுப் பொட்டலம் சேர எத்தனை முறை அனுப்ப வேண்டியிருக்கும் என்று கணக்கிடும் ‘ஈடிஎக்ஸ்’ அளவுகோலை அந்த ஆய்வு தந்தது. சென்சார் வலைப்பின்னல்களுக்கான ஆர்பிஎல் நெறிமுறையில் இன்றும் அது பயன்படுகிறது. இருபத்தொன்பது கருவிகள் போதுமாயிருந்தன என்பதே இதில் முக்கியம்.

அனுமானங்களை மறைப்பது இன்னும் பெரிய குறை. இத்துறையின் ‘மோபிஹாக்’ மாநாட்டில் 2000 முதல் 2005 வரை வெளியான கட்டுரைகளை அலசிய ஓர் ஆய்வு, முக்கால்வாசி சிமுலேஷனை நம்பியவை என்றது. பிறர் திரும்பச் செய்து பார்க்கும்படி இருந்தவை 15 சதவீதத்துக்கும் குறைவு. திரும்பச் செய்ய முடியாத முடிவை அறிவியல் என்று சொல்வதற்கில்லை.

ஆகவே சிமுலேஷன் ஆய்வின் தொடக்கமாக இருக்கட்டும், தீர்ப்பாக வேண்டாம். நிரலையும் அமைப்பு மதிப்புகளையும் வெளியிடுவது கட்டாயமாக வேண்டும். துறைக் கட்டடத்திலேயே பத்துக் கருவிகளை வைத்தாவது ஒரு சோதனை நடக்க வேண்டும். ஐஐடி மெட்ராஸ் தலைமையில் எட்டு நிறுவனங்கள் அமைத்து 2022இல் தொடங்கப்பட்ட 5ஜி சோதனைத் தளம் போன்றவை வந்தபின், வசதி இல்லை என்ற சமாதானமும் பழைய அளவுக்குச் செல்லாது. நெறியாளர்களும் தேர்வாளர்களும் இதை வலியுறுத்தினால் மாணவர்களின் உழைப்பு வீணாகாது.