களையெடுப்பும் முறைசெய்தலும்
(‘ஹாலிவுட் பையன்’ என்னும் நூல் பற்றிய திறனாய்வு)

செங்கோன்மை அதிகாரத்தை முடிக்குமிடத்து வள்ளுவர், கொலைபுரியும் கொடியோரை அரசன் ஒறுத்தலைப் பயிரிடையே களை பறித்தலோடு ஒப்பிட்டார். ஆயின், அவ்வதிகாரத்தைத் தொடங்குமிடத்தோ, குற்றத்தை ஆராய்ந்து, எவர்பாலும் கண்ணோடாது, தேர்ந்து செய்வதே முறை என்றார். ஆராய்தல் முதலாவது, களைதல் அதன் பின்னதே. இவ்வரிசை பிறழ்ந்தால் நேர்வது யாது என்பதற்கு நடு அமெரிக்க நாடாகிய எல் சல்வடோர் ஒரு சான்று. அந்நாட்டைப் பற்றி 2018இல் ஸ்பானிய மொழியில் வெளிவந்த ‘ஹாலிவுட் பையன்’ ஊன்றிக் கற்றற்குரிய நூலாகும்.

ஆசிரியர் இருவரும் உடன்பிறந்தோர். ஆஸ்கார் மார்ட்டினெஸ் செய்தியாளர். ஹுவான் ஹோசே மார்ட்டினெஸ் மானிடவியலாளர். மாரா சல்வத்ருச்சா என்னும் கும்பலிற் சேர்ந்து பலரைக் கொன்று, பின்னர் அரசுத் தரப்புச் சாட்சியாக மாறிய மிகேல் ஆங்ஹெல் தோபாரின் வரலாறே நூற்பொருள்.

ஒருவன் வாழ்விலே ஒரு நாட்டின் வரலாற்றைக் காட்டியிருப்பது நூலின் தலையாய சிறப்பு. 1980 முதல் 1992 வரை நிகழ்ந்த உள்நாட்டுப் போரில் ஏறத்தாழ 75,000 பேர் மாண்டனர். போருக்கு அஞ்சி லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்கு ஓடியோரின் பிள்ளைகள் சிலர் அங்கே தெருக் கும்பல்களில் சேர்ந்தனர். அத்தகையோரை அமெரிக்கா 1990களில் நாடு கடத்திற்று. போரால் நலிந்த ஊர்களில், காப்பித் தோட்டத்துச் சூழலில் வளர்ந்த தோபார் போன்ற ஏழைச் சிறுவர்கள் அவர்கள் கையில் அகப்பட்டனர். இக்காரணங்களை விளக்கும் ஆசிரியர்கள் கொலையை எங்கும் பூசி மெழுகவில்லை.

தோபாரின் சாட்சியத்தால் கும்பலைச் சேர்ந்த பலர் சிறை புகுந்தனர். ஆயினும் அரசு அவனுக்கு அளித்த காவல், ஒரு குடிசையும் சிறிது உணவுப் பொருளுமே. 2014 நவம்பரில், தன் மகளின் பிறப்பைப் பதியச் சென்ற அவன் கொலையுண்டான். நூலின் உயிர்நிலை இப்பகுதியே.

குறையும் ஒன்றுண்டு. கொலைஞனை நடுவில் நிறுத்தியமையால், கப்பம் கட்டி நலிந்த மக்களின் குரல் தாழ்ந்தே ஒலிக்கின்றது. 2015இல் இலட்சம் பேருக்கு 103 பேர் வீதம் கொலையுண்ட நாடு அது. 2003இல் தொடங்கிய ‘இரும்புக்கர’ நடவடிக்கைகளும் கும்பல்களை ஒழிக்கவில்லை. இத்துயரை உணராதார்க்கு, பின்னாளில் மக்கள் அதிபர் புக்கேலேயைப் பெரிதும் ஆதரித்ததன் காரணம் விளங்காது.

2022 மார்ச்சில் மூன்று நாளில் 87 பேர் கொல்லப்பட்டதும் நெருக்கடி நிலை பிறப்பிக்கப்பட்டது. 2024 முடிவதற்குள் 80,000க்கு மேற்பட்டோர் கைதாயினர். அரசுக் கணக்கின்படி அவ்வாண்டின் கொலை வீதம் இலட்சத்துக்கு 1.9. அச்சமின்றித் தெருவில் நடக்கும் தாயின் நிம்மதியைப் பொய்யெனல் தகாது. எனினும், 900 பேர் வரை ஒருங்கே விசாரிக்க 2023இல் சட்டம் இடம் தந்தது. குற்றமற்றோர் 8,000 பேர் விடுவிக்கப்பட்டதாக அதிபரே 2024இல் கூறினார். அவர்கள் சிறையிற் கழித்த நாட்களை யார் மீட்டுத் தருவார்?

உண்மை உரைத்த ஒரு சாட்சியை அவ்வரசு அன்று காவாது விட்டது. பின்னரோ, சாட்சியை வினவுமுன்பே பல்லாயிரவரைச் சிறையில் அடைத்தது. இரண்டிடத்தும் குன்றியது ஆராய்ச்சியே. 2022க்கு முன்னரே எழுதப்பட்டும் இவ்வுண்மையை உணரச் செய்வதால், இந்நூல் ஆசிரியப் பெருமக்கள் கற்றற்கும் மாணவரோடு கலந்துரையாடுதற்கும் தக்கது.