தோப்பூரா, கோரிப்பாளையமா?

மதுரையில் ஐந்தாறு போர்ஷன் உள்ள காம்பவுண்டு வீட்டை வாடகை வருமானத்துக்காக வாங்கப் போனால், தரகர் முதலில் காட்டுவது வீட்டை அல்ல, வரப்போகும் திட்டத்தை. திருமங்கலம் சாலை என்றால் எய்ம்ஸ்; மாட்டுத்தாவணி என்றால் டைடல் பார்க். இந்த வழக்கத்தை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 2004-இல் உயர் நீதிமன்றக் கிளை வந்தபின் ஒத்தக்கடைப் பக்கம் ஊரே மாறியது. முன்கூட்டியே மனை வாங்கியவர்கள் பலன் கண்டார்கள்.

மனைக்குப் பொருந்தும் அந்தக் கணக்கு வாடகை வீட்டுக்குப் பொருந்தாது. மனை சும்மா கிடந்தாலும் விலை ஏறும். வீடு பூட்டிக் கிடந்தால் வாடகையும் போகும், சுவரும் போகும். தோப்பூர் எய்ம்ஸுக்கு 2015 பட்ஜெட்டில் அறிவிப்பு, 2019 ஜனவரியில் அடிக்கல். 2022-இல் சேர்ந்த முதல் அணி மாணவர்கள் படிக்கப் போனதோ ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு. அடிக்கல்லை நம்பி வீடு வாங்கியவர் அத்தனை வருடம் வங்கித் தவணையை யாருடைய வாடகையில் கட்டுவார்?

80 லட்சத்துக்கு ஆறு போர்ஷன், தலா 6,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 4.32 லட்சம், போட்ட பணத்தில் 5.4 சதவீதம். இரண்டு போர்ஷன் காலியானால் 3.6-க்கு இறங்கிவிடும். வீட்டு வரியும் மராமத்தும் அதற்குள்தான். ஆகவே நான் கோரிப்பாளையத்தையும் அண்ணா நகரையும்தான் சொல்வேன். ராஜாஜி மருத்துவமனையும் அரவிந்த் கண் மருத்துவமனையும் இன்றைக்கே இயங்குகின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களுக்கு நடை தூரத்தில் வீடு வேண்டும். விலை அதிகம், கட்டடம் பழசு, வண்டி நிறுத்த இடமில்லை. இருந்தாலும் ‘டு-லெட்’ பலகை அதிக நாள் தொங்காது.

ஆள் நடமாட்டத்தை மட்டும் பார்த்தாலும் ஏமாறுவோம். செல்லூரும் ஊருக்குள்தான். ஆனால் 2024 அக்டோபர் மழையில் அங்கே கண்மாய்த் தண்ணீர் வீடுகளுக்குள் புகுந்தது. காம்பவுண்டுச் சுவரில் புதுச் சுண்ணாம்பு முழங்கால் உயரத்துக்கு மட்டும் அடித்திருக்கிறதா, பாதாளச் சாக்கடை இணைப்பு உண்டா, போர்ஷனுக்கு ஒரு ஈ.பி. மீட்டர் இருக்கிறதா என்பதெல்லாம் பத்திரத்தில் வராது. ஐப்பசி மழைக்கு மறுநாள், தரகர் இல்லாமல் போய், கீழ்ப் போர்ஷன்காரரிடம் “தண்ணி எதுவரைக்கும் வந்துச்சுண்ணே?” என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள்.