ஓர் இரவுக் கணக்கு

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவதற்கென்றே ஓர் இரவு உண்டு. 2011-இல் அது பிப்ரவரி 28. நடைபாதை, மேம்பாலத்தின் அடி, ஹியூம் குழாய், கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் என்று கட்டடத்துக்கு வெளியே வாழ்பவரையே அது வீடற்றவர் என்கிறது. அப்படி எண்ணப்பட்டோர் ஏறத்தாழ 17.7 லட்சம் பேர்.

இம்முறையின் பலம் சிறிதல்ல. கதவிலக்கம் பார்த்து நடக்கும் கணக்கெடுப்பில் கதவே இல்லாதவர் விடுபட்டுப்போவார். அவரைத் தேடிப்போகும் கடமையை அரசு ஏற்கிறது. ஒரே இரவில் முடிப்பதால், இடம் மாறுகிறவரை இருமுறை எண்ணும் பிழையும் குறைகிறது. 2001-இல் மொத்த எண்ணிக்கை 19.4 லட்சம். பத்தாண்டில் அது குறைந்தபோதும், நகரங்களில் 7.8 லட்சம் 9.4 லட்சமாக உயர்ந்தது. நெருக்கடி எங்கே குவிகிறது என்பதை இந்த ஒப்பீடுதான் காட்டியது.

ஆனால், தெருவில் தனித்திருக்கும் பெண் பாதுகாப்புக்காகவே கண்ணில் படாத இடத்தில் படுக்கிறாள். போலீஸ் விரட்டிப் பழகியவர் படிவத்தோடு வரும் அந்நியரைக் கண்டதும் நகர்ந்துவிடுகிறார். மறைந்திருந்தே பிழைப்பவர்களைக் கண்டுபிடிக்க ஓர் இரவு போதாது.

வரையறையும் குறுகியது. ஐரோப்பாவின் ஃபியான்ட்சா அமைப்பு வகுத்த ‘ஈத்தோஸ்’ வகைப்பாடு கூரையின்மை, வீடின்மை, நிலையற்ற குடியிருப்பு, தகுதியற்ற குடியிருப்பு என நான்கு நிலைகளைப் பிரிக்கிறது. காப்பகத்தில் தங்குபவரும், போக்கிடமின்றி உறவினர் வீட்டில் ஒண்டியிருப்பவரும் அதில் அடங்குவர். அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் குடிசைவாசிகள் அனைவரும் ஒரே எண்ணுக்குள் வருவார்கள். நடைபாதையில் படுப்பவரின் அவசரம் அதில் கரைந்துவிடும். ஆகவே வரையறை விரிய வேண்டும், ஆனால் ஒவ்வொரு நிலையும் தனித்தனியாக எண்ணப்பட வேண்டும்.

2010-இல் உச்ச நீதிமன்றம், நகர மக்கள்தொகையில் லட்சத்துக்கு ஒரு காப்பகம், ஆண்டு முழுவதும் திறந்திருக்க வேண்டும் என்றது. வீடற்றோரைக் குறைத்து எண்ணினாலும் இந்தக் கடமை குறையாது. அது நல்ல காப்பு. ஆனால் எந்தத் தெருவில், யாருக்கு, பெண்களுக்கா குடும்பங்களுக்கா என்பதை அந்த விகிதம் சொல்லாது. அதற்குச் சரியான கணக்கே வழி.

அடுத்த கணக்கெடுப்பு 2027-இல். ஓர் இரவுக் கணக்கைக் கைவிட வேண்டாம். அதைக் குறைந்தபட்ச எண்ணாக மட்டும் கொள்ள வேண்டும். தெருவில் வாழ்வோரையும் அவர்களோடு பணிபுரிவோரையும் கணக்கெடுப்பாளர்களாகச் சேர்த்து, பல இரவுகள் சரிபார்க்க வேண்டும். குறைவாக எண்ணிவிட்டுப் பிரச்சினை குறைந்தது என்று சொல்லும் வாய்ப்பை எந்த அரசுக்கும் தரக் கூடாது.