பழைய ரிசீவரின் பின்புறம்

எச்டிஎம்ஐ இல்லை என்பதற்காக நல்ல ரிசீவரைக் கழித்துக்கட்டுவது அநியாயம். பின்புறம் சதுரமாக ‘ஆப்டிகல்’ துளை இருக்கும். 1983-இல் தோஷிபா கொண்டுவந்த டாஸ்லிங்க். பிளேயரில் கேபிளைச் செருகினால் ‘டிக்’கென்று பிடிக்கும், மறுமுனையில் சிவப்பொளி தெரியும். டால்பி டிஜிட்டலும் டிடிஎஸ்ஸும் அந்த ஒளியிலேயே வந்துவிடும்.

படம் தனியே டிவிக்குப் போகும்.

ப்ளூ-ரேயின் ட்ரூஎச்டி ஒலி மட்டும் ஆப்டிகல் கேபிளில் அடங்காது. அதற்கு ஆறு ஆர்சிஏ கேபிள்கள்தான் வழி; அழகான வழியும்கூட. ஆப்போ பிடிபி-103 போன்ற பிளேயர் ஒலியைத் தானே பிரித்து அனலாகாகத் தரும், ரிசீவர் பெருக்கும். ஸ்பீக்கர் தூரத்தைப் பிளேயர் மெனுவிலேயே குறிக்க வேண்டும். பல ரிசீவர்கள் இந்த ஆறு கேபிள்கள் சேரும் இன்புட்டில் அதைச் சரிசெய்வதில்லை.