ஒளிமின் விளைவும் ஒளித்துகளும்: பாடநூல் விளக்கம் குறித்த மறுபார்வை

ஒளிமின் விளைவை விளக்கும் பாடநூல்கள் பலவும், அவ்விளைவு ஒளியின் துகள்தன்மையை நிறுவிவிட்டது என்றே முடிக்கின்றன. இம்முடிவு மறுஆய்வுக்குரியது.

உலோகத்திலிருந்து ஒளி வெளியேற்றும் எலக்ட்ரான்களின் பெரும ஆற்றல் ஒளிச்செறிவைச் சார்ந்ததன்று என 1902இல் லெனார்ட் கண்டறிந்தார். 1905இல் ஐன்ஸ்டைன், ஒளியாற்றல் அதிர்வெண்ணுக்கேற்ற பொதிகளாக உள்ளது எனக் கருதினார். ஒரு பொதியின் ஆற்றலிலிருந்து உலோகத்தின் வெளியேற்று ஆற்றலைக் கழிக்க எஞ்சுவதே எலக்ட்ரானின் பெரும இயக்க ஆற்றல். எனவே, நிறுத்து மின்னழுத்தம் அதிர்வெண்ணுடன் நேர்கோட்டில் உயர்தல் வேண்டும். சோடியம், லித்தியம் ஆகியவற்றில் இதனை அளந்த மில்லிகன், 1916இல் சமன்பாட்டை உறுதிசெய்தார். ஒளிப்பொதிக் கருத்தையோ அப்போது ஏற்கவில்லை. ஐன்ஸ்டைனுக்கான 1921ஆம் ஆண்டு நோபல் பரிசின் அறிவிப்பும் ஒளிமின் விளைவின் விதியையே சுட்டியது, ஒளிப்பொதியை அன்று.

மில்லிகனின் தயக்கத்தை வெறும் பிடிவாதம் எனத் தள்ளுதல் பொருந்தாது. 1969இல் லேம்பும் ஸ்கல்லியும், ஒளியை அலையாகவே கொண்டு, எலக்ட்ரானுக்கு மட்டும் குவாண்டம் விதிகளைப் பொருத்தி, அதே சமன்பாட்டை வருவித்தனர். அலைகொண்டு விளக்கவியலாத சான்று 1977இல் கிம்பிள், டாகெனாய்ஸ், மாண்டெல் ஆகியோரின் சோதனையில் கிடைத்தது: தனி அணு உமிழும் ஒளியில் இரு துகள்கள் ஒருங்கே வருவது அரிது.

இதனால் ஐன்ஸ்டைனின் கருத்து பிழையாகிவிடவில்லை. சமன்பாடு மெய்ப்படுவதும் அதன் அடிப்படைக் கருதுகோள் மெய்ப்படுவதும் ஒன்றல்ல என்பதே இங்குப் பெறப்படுவது. இவ்வேறுபாட்டை மறைக்கும் பாடநூல் மாணவர்க்கு முடிவைத் தருகிறது. சான்றை எடைபோடும் முறையைத் தருவதில்லை.